பந்து இல்லாத ஆள்

என் அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி வந்தபோது, ஆள் எப்படி என்று பார்த்து வர அம்மா என்னையும் சித்தி மகளையும் அனுப்பினாள். இரத்தினபுரி மாவட்டத்தில் பெல்மதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரு மலை தள்ளி அவருடைய தோட்டம். அன்றைக்கு அங்கே தோட்டங்களுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கீழே, ஒரு பக்கம் ரப்பர் மரங்களும் மறுபக்கம் ஆற்றுக்கு இறங்கும் சரிவுமாக ஒரு மைதானம். மாப்பிள்ளை முதல் பாதியிலேயே கால் பிசகி வெளியே வந்து, கோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்தோம்.

பந்து இடது பக்கம் போனால் மைதானத்தைச் சுற்றி இருந்த அத்தனை தலைகளும் இடது பக்கம் திரும்பின. அவருடைய தலை மட்டும் வலது பக்கம் இருந்தது. பந்து வலது பக்கம் வந்தால் அவர் நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் தோட்டத்துக்காரர்கள் கோல் போட்டு, சனமெல்லாம் எழும்பிக் குதித்தபோதும், மறுமுனையில் தனியாக நின்ற ஒருவனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னோம். அம்மா பயந்துபோனாள். மாறுகண்ணாக இருக்குமோ என்று, சம்பந்தம் பேசி வந்த பெரியப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவர் சிரித்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை, அந்த ஆள் பார்க்கிற விதமே அப்படித்தான் என்றார். கல்யாணம் நடந்தது. பிறகு நானும் அதே தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீடுகளில், அக்காவுக்கு அடுத்த காம்பராவில் வாழ்க்கைப்பட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

ஒருநாள் அத்தானிடமே கேட்டேன், ஏன் எல்லாரும் பார்க்கிற பக்கம் நீங்கள் பார்ப்பதில்லை என்று. அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை.

“பந்து எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும் புள்ள. அதையே நானும் பாத்து என்ன ஆகப்போகுது? பந்து இல்லாத ஆளு என்னா செய்றான்னு பாரு. அடுத்தது அங்கதான் நடக்கும்.”

என் வீட்டுக்காரரும் அதே அணியில் பின்வரிசையில் இடது பக்கம் நின்று ஆடியவர். வாழ்க்கையில் அவர் போட்டது ஒரே ஒரு கோல். அதை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் கேட்காமல் போனதில்லை. அத்தான் பந்துக்குக் கிட்டே போகாமல், அதற்கு எதிர்ப்பக்கமாக, ஏதோ வீட்டுக்குக் கிளம்பியவர் போல ஓடினாராம். அவர்தான் ஆபத்தான ஆள் என்று எதிரணியில் இரண்டு பேர் அவருக்குப் பின்னாலேயே ஓடினார்கள். அவர்கள் நின்ற இடம் காலியானது. அந்த வழியாக என் வீட்டுக்காரர் ஓடிவந்து அடித்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் போனார்கள். அத்தானைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் அந்தப் பந்தைத் தொடவே இல்லையே. அவரும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த ஓட்டத்தைக் கவனித்த ஒருவர் இருந்தார். அவர் மூலமாக அத்தான் முதலில் இரத்தினபுரி டவுன் கிளப்புக்கும், அங்கிருந்து கொழும்பில் ஒரு கம்பெனி அணிக்கும் போனார். பகலில் கம்பெனி களஞ்சியத்தில் வேலை, பின்னேரம் ஆட்டம். எங்கள் பக்கத் தோட்டங்களிலிருந்து கொழும்பில் பந்தடிக்கப் போன முதல் ஆள் அவர்தான் என்று சொல்வார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். அது நாட்டில் சண்டை நடந்த காலம். தமிழ்ப் பெயர் உள்ளவர்களைப் பாதையில் இறக்கி விசாரிக்காமல் அந்த பஸ் அவிசாவளையைத் தாண்டியதே இல்லை.

அப்படி ஒருமுறை சோதனைச் சாவடியில் அவரையும் இன்னும் சிலரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அங்கிருந்த அதிகாரி எங்கேயோ ஒரு மைதானத்தில் அத்தானுக்கு எதிராக ஆடியவர். அடையாளம் கண்டு, தோளில் தட்டி, போய் பஸ்ஸில் ஏறு என்று சொல்லிவிட்டார். அத்தான் போகவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு வயதான ஆள் நின்றார். சட்டைப் பையை மட்டும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வைத்தே அவரிடம் அடையாள அட்டை இல்லை என்று அத்தானுக்கு விளங்கியிருக்கிறது. அவர் என்னோடு வந்தவர், என் பெரியப்பா, அட்டை வீட்டில் கிடக்கிறது என்று அத்தான் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார். அந்தப் பெரியவர் எந்த ஊர், என்ன பெயர் என்று இரத்தினபுரியில் இறங்கும்வரைக்கும் அத்தான் கேட்கவில்லை. பொய் பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அக்கா கேட்டாள். அக்கா அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை.

முழங்கால்தான் அவரைத் திரும்பத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. மழை பெய்து முடிந்த ஒரு மைதானத்தில் கால் மண்ணில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. இரண்டு முறை ஆப்பரேஷன் செய்தும் சரியாகவில்லை. கம்பெனி வேலையும் போயிற்று. தோட்டத்து ஸ்டோரில் இலை நிறுக்கும் இடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். வருத்தப்பட்டதாக வெளியே காட்டவில்லை. உள்ளே இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் டவுன் கிளப்பின் மேனேஜராகக் கூப்பிட்டார்கள். அந்தக் கிளப்பை நடத்தியவர் ஒரு மாணிக்கக் கல் முதலாளி. சிங்களப் பையன்கள், முஸ்லிம் பையன்கள், எங்கள் தோட்டங்களிலிருந்து என் வீட்டுக்காரரோடு சேர்த்து நாலைந்து பேர். அத்தான் அவர்களைப் பழக்கிய விதத்தைப் பார்க்கவே ரோட்டில் ஆட்கள் நிற்பார்கள். பந்தை எடுத்துக் கோட்டோரம் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இப்போது விளையாடுங்கள் என்பார். இருபது பேர் இல்லாத பந்துக்காக ஓடுவார்கள், மறிப்பார்கள், இடம் விட்டுக் கொடுப்பார்கள். வேலியில் நிற்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். முதல் மாதம் பையன்களும் சிரித்தார்கள். பிறகு அந்த அணி வெல்லத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

அந்த அணியில் நட்சத்திரம் முதலாளியின் மருமகன், தங்கச்சி மகன். நல்ல ஆட்டக்காரன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். வந்தால் வேறு யாருக்கும் போகாது.

மாவட்டத்து இறுதி ஆட்டத்துக்கு நானும் அக்காவும் போயிருந்தோம். முதலாளி கொட்டகைக்குக் கீழே, முன்வரிசையில், விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளை முடிந்து அணி திரும்ப இறங்கியபோது அத்தான் மருமகனை இறக்கவில்லை. சட்டையைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சனம் கூச்சல் போட்டது. முதலாளி முதலில் ஓர் ஆளை அனுப்பினார். பிறகு தானே எழும்பி வந்தார். நாங்கள் கிட்டேதான் நின்றோம். அவர் சத்தம் போடவில்லை. தம்பி என்பது போல, “மல்லி, இது என் கிளப்” என்று மட்டும் சிங்களத்தில் சொன்னார். அத்தானும் சிங்களத்தில்தான் பதில் சொன்னார். கிளப் உங்களுடையதுதான் முதலாளி, ஆனால் அவன் உள்ளே இருந்தால் மற்றப் பத்துப் பேரும் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பார்ப்பதற்குத்தான் வெளியே இவ்வளவு சனம் இருக்கிறதே என்றார்.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. முன்பு பந்தே கிடைக்காதவர்களுக்கெல்லாம் பந்து கிடைத்தது. ஆனால் முடியப் போகும் நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. தோற்றோம்.

அடுத்த கிழமை அத்தானை நிறுத்திவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புதிதாக வந்த மேனேஜர் தோட்டத்துப் பையன்கள் எல்லாரையும் ஒன்றாக வெளியே போட்டார். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கிளப்தான் வாரத்தில் ஒரே வெளிச்சம். அவர் அத்தான் வீட்டு வாசலில் போய் நின்று, அன்றைக்கு அவனை உள்ளே விட்டிருந்தால் வென்றிருப்போம், எங்கள் பிழைப்பையும் சேர்த்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று சத்தம் போட்டார். லயமே வெளியே வந்து பார்த்தது.

அத்தான் யோசித்துவிட்டு, “ஜெயிச்சிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். தான் செய்தது சரி என்று அவர் வாதாடவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் நெடுநாள் அவரோடு பேசாமல் இருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் இவர் இருமினால் அந்தப் பக்கம் அவருக்குக் கேட்கும். அப்படி இருந்தும் பேச்சில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் எல்லாரையும் கவனிக்கிற மனிதர் என்று தோன்றும். கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கிடைக்காமல் மூலையில் நிற்கிற ஆளை முதலில் காண்பவர் அவர்தான். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது யார் முகம் வாடியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அக்கா இதைக் கேட்டால் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஒருமுறை சோற்றுப் பானையை இறக்கும்போது கஞ்சி கொட்டி அக்காவுக்கு வலது கை வெந்துவிட்டது. அவள் அதில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் சமைத்து, இடது கையால் பரிமாறினாள். அத்தான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, கொழும்பில் தான் பார்த்த ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பின்காவல்காரன் இலேசாக நொண்டியதையும், வேறு யாரும் அதைக் காணாததையும் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. எங்கள் அம்மா வந்து, கையில் என்ன என்று கேட்ட பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

அக்கா அழவில்லை. என்னிடம்தான் சொன்னாள், அவருக்குக் கேட்கும்படியாக. “பந்து இல்லாத ஆளத்தான் இவரு பாப்பாரு. எங்கிட்ட பந்து இருக்குன்னு நெனச்சிட்டாரு போல.”

அதற்குப் பிறகு அவர் அக்காவை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். தண்ணீர் எடுத்து வருவார், விறகு பிளப்பார். ஆனால் அந்தப் பேச்சைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதை நான் கேட்டதில்லை.

தொலைக்காட்சிக்கு அவர் போனது எதிர்பாராமல் நடந்தது. கொழும்பில் அவரோடு ஆடிய ஒருவர் அங்கே வேலையில் சேர்ந்திருந்தார். தமிழில் உதைபந்தாட்டம் பற்றிப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. கூப்பிட்டார்கள். முதல் நிகழ்ச்சிக்கு டிஸ்பென்சரி ஐயாவிடம் டை கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். அந்தச் சனிக்கிழமை எங்கள் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. லயத்துக்குக் கரண்ட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, எங்கள் வீட்டில்தான் பெரிய டீவி. திரையில் அவரைக் கண்டதும் என் வீட்டுக்காரர் எழும்பி வெளியே போய், திரும்பவும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு இரவு அத்தான் வந்தபோது, டை கோணலாக இருந்தது என்று அவரிடம் சொன்னார். அப்படித்தான் பேச்சு திரும்ப வந்தது.

முதலில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசுவது. பிறகு நேரடி ஒளிபரப்புக்கு வர்ணனை. தயாரிப்பாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு எழுத்துத் தமிழ் வேண்டும். கோல்கீப்பர் என்று சொல்லக் கூடாது, பந்துக்காப்பாளர் என்று சொல்ல வேண்டும். அத்தான் காலையில் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிக்கும்போது அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பழகுவார். அவருக்குப் பின்னால் வாளியோடு நிற்கிறவர்களும் சேர்ந்து சொல்லுவார்கள். மைக் முன்னால் முதல் கொஞ்ச நேரம் பந்துக்காப்பாளர் நன்றாக வருவார். ஆட்டம் சூடேறியதும், “அந்தா பாருங்க, அந்தப் பக்கம் ஒருத்தரு சும்மா நிக்கிறாரு, அவரத்தான் நீங்க பாக்கணும்” என்று எங்கள் லயத்துப் பேச்சு வந்துவிடும். பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவர், நம் தோட்டத்து மானத்தை இந்த ஆள் கொழும்பு வரைக்கும் கொண்டுபோய் வாங்குகிறார் என்றார். கொழுந்து எடுக்கிற பெண்களோ, டீவியில் முதல்முறையாக நம் வீட்டில் பேசுகிற மாதிரி ஓர் ஆள் பேசுகிறார் என்றார்கள். எனக்கு இரண்டும் தோன்றியது.

பேச்சைவிடப் பெரிய தகராறு வேறு. கமெரா பந்துக்குப் பின்னால் போகும். அத்தான் திரையில் இல்லாத ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்குக் குழப்பம். காதில் மாட்டியிருக்கும் கருவியில் தயாரிப்பாளர், பந்தைச் சொல்லுங்கள், பந்தைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். அத்தானும் சரி சரி என்று பந்துக்கு வருவார். பிறகு மெல்ல நழுவிவிடுவார். இப்படியே சில வருஷங்கள் ஓடின.

பிறகு எல்லாரும் பேசிய அந்த ஆட்டம் கொழும்பில் நடந்தது. அரை இறுதி என்று நினைக்கிறேன். அன்றைக்கு அங்கே ஏதோ பாதையை மூடியிருந்ததால் இன்னொரு வர்ணனையாளர் வந்து சேரவில்லை. அத்தான் தனியாகவே பேசினார். எங்கள் வீட்டில் வழக்கமான கூட்டம். அக்கா தன் வீட்டில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், அவள் எப்போதும் பார்க்க வரமாட்டாள்.

முதல் பாதியில் ஒரு அணியின் கோல்கீப்பர் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது எதிராளியின் முழங்கால் அவர் தலையில் பட்டது. தண்ணீர் தெளித்தார்கள். எழும்பி, கையைக் காட்டிவிட்டு ஆடத் தொடங்கினார். எல்லாரும் அதை மறந்துவிட்டோம்.

இரண்டாம் பாதியில் பந்து முழுக்க மறுபக்கத்தில்தான் நின்றது. அந்தக் கோல்கீப்பரின் அணி தாக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கோல் வரப்போகிறது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் எழும்பி நின்ற நேரம், அத்தான் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தார்.

“கோல்கீப்பர் கம்பத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு அது சரியா படல.”

மறுமுனையில் பந்து எதிரணியின் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரையில் அதுதான் ஓடியது. அத்தானின் குரல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரு வலைப் பக்கம் திரும்பி நிக்கிறாரு, ஆட்டத்தப் பாக்கல, ரெப்ரிக்கு யாராவது சொல்லுங்க, ஆட்டத்த நிப்பாட்டச் சொல்லுங்க என்றார். இடையில் ஒரு சின்ன நிறுத்தம். காதில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். “பந்து ஆடட்டும் சேர். நான் இறங்கிப் போறேன்” என்றார். அது நாடு முழுக்கக் கேட்டது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். அதற்குப் பிறகு குரல் இல்லை.

படம் மட்டும் ஓடியது. சனத்தின் இரைச்சல் கேட்டது, விசில் கேட்டது, வர்ணனை இல்லை. ஒருவர் டீவியின் தலையில் தட்டினார். என் வீட்டுக்காரர் வெளியே ஓடி அன்டெனா கம்பத்தைத் திருப்பிக்கொண்டே, இப்ப வருதா, இப்ப வருதா என்று கேட்டார். ஏன் சத்தம் அடங்கிவிட்டது என்று பார்க்க அக்கா மிளகாய்க் கையோடு வந்து கதவருகில் நின்றாள்.

கமெரா இன்னும் பந்தோடுதான் இருந்தது. படத்தின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, ஒரு மனிதர் காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடுவது ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அவ்வளவு தூரத்திலும் அந்த நடையை எங்கள் லயத்தில் தெரியாதவர்கள் இல்லை. அக்கா, “அந்தக் கால வச்சிக்கிட்டு எங்க ஓடுறாரு இவரு” என்றாள்.

கடைசியில்தான் கமெரா திரும்பியது. கோல்கீப்பர் விழுந்து கிடந்தார். அத்தான் தரையில் உட்கார்ந்து, அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். ரெப்ரி, டொக்டர், ஸ்ட்ரெச்சர் எல்லாம் பிறகுதான் வந்தன. வெளியே அன்டெனா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் இன்னும், வருதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. அன்றைக்கே ஆப்பரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அத்தானுக்குப் பாராட்டு கிடைக்கும் என்று நாங்கள் நினைத்தோம். கொஞ்சம் கிடைத்தது. ஆனால் தொலைக்காட்சியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நேரடி ஒளிபரப்பில் அவ்வளவு நேரம் குரலே இல்லாமல் விட்டது பெரிய பிழை, பக்கத்தில் இருந்த யாரையாவது அனுப்பியிருக்கலாம் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. இனிமேல் மைக்கை விட்டு எழும்ப மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாராம் தயாரிப்பாளர். அவர் நல்லதுக்குத்தான் கேட்டார். அத்தான் யோசித்துவிட்டு, அப்படிச் சொல்ல முடியாது என்றிருக்கிறார். இன்னொரு நாள் இன்னொருவர் விழுந்தால் என்ன செய்வேன் என்று தனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது என்று எங்களிடம் கேட்டார். அடுத்த பருவத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவர் திரும்ப ஸ்டோரில் இலை நிறுத்தார். டீவியில் வருகிற ஆட்டத்தை எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார். மூலையில் உட்காருவார். ஒன்றும் பேச மாட்டார்.

சண்டை முடிந்த வருஷம் நானும் அக்காவும் கண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மாவனல்லையில் இறங்குவோம் என்று அக்கா திடீரென்று சொன்னாள். அந்தக் கோல்கீப்பர் இப்போது ஆடுவதில்லை, அங்கே தன் மாமாவின் புடைவைக் கடையில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ரவிக்கைத் துணி எடுப்பது போல உள்ளே போனோம். நெற்றிக்கு மேலே தையல் போட்ட அடையாளம் இருந்த இளைஞன் துணியை விரித்துப் போட்டான். அக்கா கொஞ்ச நேரம் துணியைப் பார்த்துவிட்டு, தான் யார் என்று சொன்னாள்.

அவன் வேலையை விட்டுவிட்டு எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். பிளேன்டீ வரவழைத்தான். அந்த நாள் தனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை, முழங்கால் பட்டதுகூட மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும் என்றான். ஆனால் அத்தான் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து போனது நன்றாக ஞாபகம் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து என்னை எப்படிக் கண்டீர்கள் என்று அவன் அவரிடம் கேட்டிருக்கிறான்.

“அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? தூரமா இருந்தா தெரியுது தம்பி. எங்க வீட்டுல அவ கைய சுட்டுக்கிட்டு ஒரு கெழம சமைச்சுப் போட்டா, முன்னுக்கு இருந்து திண்டேன், எனக்குத் தெரியல்ல எண்டாங்க. சொல்லிட்டு அழுதுட்டாங்க. நான்தான் சும்மா இருங்க நானா எண்டு சொன்னேன்.”

அண்ணனை நானா என்று சொல்கிற முஸ்லிம் பேச்சில், அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கு அது ஓர் அன்பான மனிதரின் பேச்சு, அவ்வளவுதான். அக்கா பிளேன்டீயைக் குடித்து முடித்தாள். துணிக்கு அவன் காசு வாங்க மறுத்தான், அவள் வற்புறுத்திக் கொடுத்தாள். அவங்க இப்ப டீவியில வாறதில்லையா என்று வாசல்வரை வந்து கேட்டான். இல்லை என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேகாலை தாண்டி, அவிசாவளை தாண்டி, பெல்மதுளை வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த மாதக் கடைசியில் டீவியில் ஓர் இறுதி ஆட்டம். எங்கள் வீடு நிறைந்திருந்தது. புதிய வர்ணனையாளருக்கு அழகான தமிழ். பந்து எங்கே போகிறதோ அங்கே அவர் குரல் போயிற்று, ஒரு தடுமாற்றமும் இல்லை. அத்தான் மூலையில் முழங்காலை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையின் ஓரத்தைத் தாண்டி எதையோ பார்க்க முடியும் என்பது போலக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். அக்கா வந்தாள். வழக்கமாகக் கதவருகில் நிற்கிறவள், உள்ளே வந்து, பிள்ளைகளை நகரச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் வீட்டுக்காரரின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர், என்னங்க இது, இப்பதான் ஆட்டமே சூடாகுது என்றார்.

“இருக்கட்டும். இவரு சொல்லுவாரு” என்றாள் அக்கா. பிறகு மூலையைப் பார்த்து, “சொல்லுங்க. அந்தா, அந்தக் கடைசியில தனியா ஒருத்தரு நிக்கிறாரே, அவரு என்னா செய்றாரு?” என்றாள்.

அத்தான் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.